தெருப்பெயர் காட்டும் கொழும்பு

ஊர் காணச் செல்வோர் கோபுரமும் மாடமும் காண்பர், கடைவீதி காண்பர், பசி வந்துழி உணவுச்சாலை தேடுவர். தாம் நடந்து செல்லும் தெருவின் பெயரை நின்று நோக்குவோர் மிகச் சிலர். மாடம் இடிந்தால் மறுபடியும் எழுப்பலாம். தெருவின் பெயர் மக்கள் நாவினின்றும் நீங்கிவிடுமாயின் அதனை மீட்டெடுத்தல் எளிதன்று.

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். அவற்றுள் திசைச்சொல் எனப்படுவது, பிற நிலத்தார் வழங்கிய சொல் நம்மிடை வந்து குடிபுகுவது. திசைச்சொல்லுக்கு உதாரணம் வேண்டுவார் நூலைப் புரட்ட வேண்டுவதில்லை. கொழும்பு நகரிலே ஒரு நாள் நடந்தாற் போதும். போர்த்துக்கேயர் 1505இல் இத்தீவின் கரையை அடைந்தனர். 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஒல்லாந்தர் 1796இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். ஆங்கிலேயர் 1948இல் விடுதலை கொடுத்து நீங்கினர். ஆண்டவர் மூவரும் சென்றொழிந்தனர். அவர் விட்டுச் சென்ற சொற்களோ இன்றும் நம் சமையலறையிலும் கடைவீதியிலும் வாழ்கின்றன. அரபு நாட்டு வணிகரும், மலாய்ப் போர்வீரரும், மலையாளத்தாரும், செட்டிநாட்டாரும் தத்தம் பங்குக்குச் சில சொற்களை இட்டுச் சென்றனர். இவர் அனைவர்க்கும் அயலாராய் என்றும் உடனிருந்தோர் சிங்கள மக்கள்.

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் காலத்தில் இந்நகரில் வெயில் கொடிது. சூரியன் வடக்கு நோக்கிச் செல்லுங்கால், ஏப்பிரல் 5ஆம் நாள் முதல் 15ஆம் நாள் வரையில் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நண்பகலில் நட்ட கம்பத்துக்கும் நிழலில்லை. கடற்காற்று வீசினும் அதுவும் ஈரம் சுமந்து வெந்நீராவி போல் வந்து மேனியில் ஒட்டும். ஆயினும் புத்தாண்டு நெருங்குதலின் தமிழரும் சிங்களவரும் புத்தாடையும் பண்டமும் வாங்கக் கடைத்தெருவை நிறைப்பது அந்நாளிலேதான். நகரத்தை நகரமாகக் காண அதனினும் சிறந்த நாள் இல்லை. அத்தகைய நாளொன்றில் எம்மிடம் பாடங்கேட்கும் இளைஞர் இருவரை உடன்கொண்டு, வடக்கே கொட்டாஞ்சேனை தொடங்கித் தெற்கே வெள்ளவத்தை ஈறாக நகரைக் கடந்தோம். ஒருவர் கொட்டாஞ்சேனையிலே பிறந்து வளர்ந்தவர். மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கியிருப்பவர்.

ஓநாயும் ஆடும்

களனி கங்கை கடலோடு கலக்குமிடம் நகரின் வடவெல்லை. அதனைத் தமிழர் முகத்துவாரம் என்பர். அச்சொல்லே ஆங்கிலேயர் வாயில் 'மட்வால்' எனச் சிதைந்தது. சிங்களவர் 'மோதர' என்பர். பொருள் அதுவே, ஆறு கடலிற் புகும் வாய். இரு மொழியாரும் ஒரே ஆற்றைப் பார்த்து ஒரே பொருளைத் தத்தம் மொழியிற் சொல்லியிருக்கின்றனர். இதனை வாசகர் நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

அதன் தெற்கே கொட்டாஞ்சேனை. சேனை என்பது காட்டை வெட்டிச் சுட்டுப் பயிரிடும் நிலம். சிங்களத்தார் அதனை 'ஹேன' என்பர். ஆதலின் அவர்க்கு இது 'கொட்டஹேன'. சேனையும் ஹேனவும் இரு சொல்லல்ல. ஒரு சொல்லின் இரு முகம். புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் விண்ணளாவி நிற்கும் இந்நெருக்கமான நகர்ப்பகுதி, ஒரு காலத்தில் கமக்காரன் தீயிட்டுத் தினையும் குரக்கனும் விதைத்த புனமாயிருந்தது என்பதைப் பெயரொன்றே இன்று சொல்லுகிறது.

அயலிலே 'புளூமெண்டல்' என்றோர் இடம் உண்டு. ஒல்லாந்த மொழியில் அதற்குப் பொருள் பூக்கள் நிறைந்த பள்ளத்தாக்கு. அங்கே நகரத்துக் குப்பை பல ஆண்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தது. பெயரிட்ட ஒல்லாந்தன் கண்டானில்லை!

சற்றே மேட்டில் ஏறினால் ஒல்லாந்தரின் பழைய தேவாலயம். 1749இல் அடியிடப்பட்டு 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. சுவர்கள் கோட்டைச் சுவர்போற் பருத்தவை. வெயிலிலிருந்து உள்ளே காலெடுத்து வைத்த அளவில் வேற்று நாட்டுக்கு வந்தாற்போன்ற குளிர்ச்சி. இதன் பெயர் 'வுல்வெண்டால்' என்பது. ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். இலங்கைக் காட்டில் நரி உண்டு, ஓநாய் இல்லை. போர்த்துக்கேயர் அங்கே வைத்திருந்த 'குவாதலூப்' மாதா கோயிலின் பெயரைப் பின்வந்த ஒல்லாந்தர் ஓநாய் என்னும் பொருள்படப் பிறழ உணர்ந்து மொழிபெயர்த்தனர் என்று ஒரு வரலாறு சொல்வர். அத்தெருவைத் தமிழர் எவ்வாறு அழைக்கின்றனர்? ஆட்டுப்பட்டித் தெரு! ஒல்லாந்தன் ஓநாயைக் கண்ட இடத்திலே தமிழன் ஆட்டைக் கண்டிருக்கிறான். இது கேட்ட இளைஞர் இருவரும் வெயிலை மறந்து நகைத்தனர்.

கொச்சிக்கடை

கடற்கரைப் பக்கம் இறங்கினால் கொச்சிக்கடை. கொச்சியிலிருந்து வந்தார் வைத்த கடை என்று பெயரே பொருள் விரிக்கின்றது. புனித அந்தோனியார் ஆலயம் இங்குள்ளது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் கொச்சியிலிருந்து வந்த குருவானவர் ஒருவர் வணிகர் வேடத்தில் மறைந்து வாழ்ந்தார் என்பதும், கடலரிப்பினின்றும் காக்குமாறு மீனவர் வேண்ட மணலிலே சிலுவையை நட்டுச் செபித்தார் என்பதும் இவ்வாலயம் பற்றி வழங்கும் கதை. செவ்வாய்க்கிழமைகளில் இங்கு வருவோருள் கத்தோலிக்கர் எவர், சைவர் எவர், பௌத்தர் எவர் எனப் பிரித்தறிய ஒண்ணாது. மெழுகுவர்த்தி எல்லார் கையிலும் ஒன்றே.

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், இவ்வாலயத்தினுள்ளே குண்டு வெடித்தது. அன்று இந்நாட்டின் ஆலயங்களிலும் விடுதிகளிலும் மாண்டவர் 250க்கு மேற்பட்டோர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே ஆலயம் மீளத் திறக்கப்பட்டது. இன்று சென்று காண்பார்க்குச் சுவரிலே வடுத் தெரியாது. முழந்தாளில் நிற்போர் முகத்திலே தெரியும்.

சில தெருக்களுக்கு அப்பால் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தந்தையார் பொன்னம்பல முதலியார் எடுப்பித்த கோயிலை, மைந்தர் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாலே புதுக்கினார். உச்சிப் பொழுதில் வெளிவீதிக் கல் காலைச் சுட்டாலும் உள்மண்டபத்துக் கல் குளிர்ந்திருக்கும். கற்றூண்களின் நடுவே சிறிது நேரம் இருந்து களைப்பாறுதல் வெயிலில் வந்தார்க்கு நல்லது.

செட்டியார் தெரு

அங்கிருந்து தெற்கே நடந்தால் செட்டியார் தெரு. ஆங்கிலத்தில் இதன் பெயர் கடற்றெரு. ஆங்கிலேயர் கடலைக் கண்டனர். சிங்களத்தார் 'ஹெட்டி வீதிய' என்பர். ஹெட்டி என்பது செட்டியே. தமிழரும் சிங்களவரும் அங்கு வாழ்ந்த மாந்தரைக் கண்டனர். கப்பலிலே வந்தவனுக்குத் தெரு ஒரு திசை. அயலிலே வாழ்ந்தவனுக்குத் தெரு ஓர் ஆள்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய கதிரேசன் கோயில்கள் இங்குள்ளன. ஆடிவேல் விழாவில் வெள்ளித் தேர் இங்கிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குச் செல்லும். இருமருங்கும் தங்கநகைக் கடைகள். தமிழ்நாட்டிலிருந்து வரும் அன்பர், 'பவுண்' என்று நாம் சொல்வதை எடை என்று மட்டும் கொள்வர். இங்கே தங்கம் என்னும் பொருளிலேயே அச்சொல் வழங்கும். 'பவுண் சங்கிலி' என்பது தங்கச் சங்கிலி. ஆங்கில நாணயம் ஒன்றின் பெயர் நம் பெண்மக்கள் கழுத்திலே ஏறிய கதை இது. பொற்கடைகளின் நடுவிலே பூபாலசிங்கம் புத்தகசாலையும் உண்டு. அன்று எம்முடன் வந்த இளைஞர் இருவரும் கையிருப்பை அங்கேதான் செலவிட்டனர். ஆசிரியனாகிய எமக்கு அதைத் தடுக்க மனம் வரவில்லை.

இத்தெருவிலே சம்மாங்கோடு கதிர்வேலாயுத சுவாமி கோயில் என்றொரு கோயில் உண்டு. சற்று அப்பால், இரண்டாம் குறுக்குத் தெருவிலே, செங்கல் நிறமும் வெண்ணிறமும் மாறிமாறி அடுக்கிய பள்ளிவாசல் ஒன்று வானளாவி நிற்கிறது. 1909இல் நிறைவெய்திய அதனைச் சிவப்புப் பள்ளி என்பர். சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் சொல்வர். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரே அடைமொழி வந்தமை காண்க. சம்மான் என்பது ஒருவகைத் தோணி. அத்தோணியிலே தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவரைச் சம்மான்காரர் என்றனர் என்றும், சிங்களத்தில் வழங்கும் 'ஹம்பங்காரயா' என்னும் பெயரும் அதுவே என்றும் அறிஞர் கூறுவர். ஒரு கடலைக் கடந்தவர் ஒருவர் கோயிலுக்கும் ஒருவர் பள்ளிக்கும் சென்றனர். ஏறிவந்த தோணியின் பெயர் இரண்டு வாசலிலும் நின்றுவிட்டது போலும்.

கடைவீதியிலே ஓர் அகராதி

கோட்டைக்குப் புறத்தே இருத்தலின் புறக்கோட்டை. சிங்களத்தார் 'பிட்டகொட்டுவ' என்பதும் அதுவே. 'பிட்ட' என்பது புறம், 'கொட்டுவ' என்பது கோட்டை. ஆங்கிலேயர் வழங்கும் 'பெட்டா' நம் பேட்டையின் திரிபு. மூன்று மொழியும் இங்கே மோதாமல் நிற்கின்றன.

மதுரையின் நாளங்காடியும் அல்லங்காடியும் பாடிய புலவர் இன்று இருப்பாராயின் புறக்கோட்டையைப் பாடியிருப்பர். ஒரு குறுக்குத் தெருவிலே புடைவைக் கடைகள். மற்றொன்றிலே அரிசியும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் மூடை மூடையாக. கேபோஸ் ஒழுங்கையிலே சுக்கும் திப்பிலியும் வேரும் பட்டையும் மணக்கும் மருந்துச் சரக்குக் கடைகள். தள்ளுவண்டியிலே அன்னாசியைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவர். வத்தகப் பழத்தைப் பிளந்து செக்கச் செவேலென அடுக்கியிருப்பர். விற்போன் ஒரே மூச்சில் சிங்களத்திலும் தமிழிலும் கூவுவான்; வாங்குவோன் எம்மொழியில் விலை கேட்கிறானோ அம்மொழியிலே விடை வரும். இலக்கண நூல் எழுதாத இருமொழிப் புலவன் அவன்.

பொருள் வாங்குவோர் சொல்லையும் சேர்த்து வாங்குகின்றனர். காலுக்குச் சப்பாத்து, வியர்வை துடைக்க லேஞ்சி, வீட்டுக்கு அலுமாரி, மேசை, வாங்கு, கதவுக்குச் சாவி, காலையுணவுக்குப் பாண், கறிக்குத் தாச்சி. இவையெல்லாம் போர்த்துக்கேயர் தந்த பெயர். மேசையின் லாச்சியும், அரச ஊழியர் போகும் கந்தோரும் ஒல்லாந்தர் தந்தவை. ஆண்கள் உடுக்கும் சாறமும், உணவில் தொட்டுக்கொள்ளும் சம்பலும் மலாயர் தந்தவை. ஆனி ஆடியிலே வருவோர் றம்புட்டான் பழமும் வாங்கலாம். மலாய் மொழியில் றம்புட் என்பது மயிர். மயிர் போர்த்த பழத்துக்கு அது ஏற்ற பெயரே. அன்று வெயிலுக்கு நாங்கள் அருந்தியது செவ்விளநீர். அதனைக் கடைக்காரரிடம் கேட்டபோது 'தம்பிலி' என்றே கேட்டோம். அச்சொல் சிங்களத்தார் தந்தது.

இச்சொற்களைக் கண்டு மொழித்தூய்மை போயிற்றென வருந்துவார் உளர். எமக்கு அவ்வருத்தம் இல்லை. சப்பாத்து என்னும் சொல் தமிழ் ஒலி பெற்றுத் தமிழ் வேற்றுமை ஏற்றுத் தமிழாய் நடக்கிறது. 'சப்பாத்தை', 'சப்பாத்துக்கு' என உருபேற்கும்போது அதனைப் பிறமொழி என்பார் எவர்? வந்த சொல்லை நம் இலக்கணத்துக்கு ஆட்படுத்துதல் மொழிக்கு வலிமை. வருத்தத்துக்குரியது வேறொன்று.

புதுக்கடையும் வாழைத்தோட்டமும்

தேநீர்க் கடையொன்றிலே வெறுந்தேநீர் அருந்தியிருக்கையில், யாழ்ப்பாணத்து இளைஞரை நோக்கி, "தம்பி, புதுக்கடை எந்தப் பக்கம், தெரியுமா?" என்று வினவினோம்.

"எந்தப் புதுக்கடை ஐயா? இப்ப திறந்த கடையோ?" என்றார் அவர்.

"நீதிமன்றங்கள் இருக்குமிடம்."

"ஓ, அளுத்கடையோ! அப்பிடிச் சொல்லுங்கோ ஐயா. பேப்பரிலை அப்பிடித்தானே போடுறாங்கள்."

"நல்லது. அளுத் என்றால் என்ன பொருள்?"

இளைஞர் விழித்தார். கடைக்காரர், வயது முதிர்ந்த முஸ்லிம் பெரியவர், தேநீரை ஆற்றியபடியே நகைத்து, "அளுத் எண்டா புதுசு தம்பி. புதுக்கடைதான் அளுத்கடை" என்றார்.

பொருள் அவ்வளவே, ஆயினும் அதனுள்ளே பெரியதொரு செய்தி இருக்கிறது. 1656இல் கொழும்பை முற்றுகையிட்டு, அம்முற்றுகையிலே உயிர்நீத்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்வ்ட் என்பானின் பெயரால் அவ்விடத்தை 'ஹல்ஸ்டோர்ப்' என்றனர் ஐரோப்பியர். மக்களோ தளபதியை நினைக்கவில்லை. புதிதாக வந்த கடையையே நினைத்தனர். ஒருவர் 'அளுத்கடே' என்றார். மற்றவர் புதுக்கடை என்றார். அயலிலே 'கெசெல்வத்த' என்பது தமிழில் வாழைத்தோட்டம். 'கெசெல்' வாழை; 'வத்த' தோட்டம். மோதர முகத்துவாரம் ஆனதும், பிட்டகொட்டுவ புறக்கோட்டை ஆனதும், ஹெட்டி வீதிய செட்டியார் தெரு ஆனதும் இவ்வாறே.

இவற்றுள் எது முந்தியது, எது பிந்தியது என்று வழக்காட வேண்டுவதில்லை. எம்மொழியிலிருந்து எம்மொழிக்குப் பெயர்ந்ததாயினும், பெயர்த்தவனுக்கு மற்றவன் மொழி தெரிந்திருக்க வேண்டும். 'கெசெல்' என்பது வாழை என்று அறியாதவன் வாழைத்தோட்டம் என்று சொல்லியிருக்க முடியாது. ஆகவே இப்பெயர்களுள் ஒவ்வொன்றும் ஒரு சாட்சியம். அயலான் சொல்லின் பொருளை அயலான் அறிந்திருந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்குத் தெருமுனையிலே நிற்கும் சாட்சியம்.

இன்று நிகழ்வது என்ன? செய்தித்தாள்களிலும் பெயர்ப்பலகைகளிலும் 'அளுத்கடை', 'கெசெல்வத்த', 'மோதர' என ஒலியை மட்டும் தமிழெழுத்தில் எழுதும் வழக்கம் பெருகி வருகிறது. சிங்கள அறிக்கையை அவசரத்தில் தமிழாக்குவோர் ஊர்ப்பெயரை அப்படியே விட்டுவிடுகின்றனர். இதனை யாரும் வலிந்து திணிக்கவில்லை. நாமே நம் கையால் எழுதுகிறோம். இதன் பயன், தமிழ்ச்சொல் போகிறது. ஆயினும் சிங்களச் சொல் வந்தபாடில்லை. 'அளுத்' என்பதன் பொருளை அவ்விளைஞர் அறிந்தாரல்லர். புதுக்கடையையும் அறிந்தாரல்லர். இரண்டு மொழி நின்ற இடத்திலே ஒரு வெற்றொலி நிற்கிறது.

மூன்று மொழியிலும் ஒரே பெயர் இருந்தால் கடிதம் சேரும், பொலிசார்க்குக் குழப்பமில்லை என்று சொல்வார் உளர். கடிதம் சேர்ப்பதற்கு இலக்கம் இருக்கிறது. கொழும்பு 13 என்றால் கொட்டாஞ்சேனை. 12 என்றால் புதுக்கடை. 11 என்றால் புறக்கோட்டை. 6 என்றால் வெள்ளவத்தை. இலக்கம் செய்யும் தொழிலுக்காகப் பெயரைக் கொல்ல வேண்டுவதில்லை.

எல்லாப் பெயரையும் பெயர்த்தே தீரவேண்டும் என்பதும் எம் கருத்தன்று. வெள்ளவத்தை, மருதானை, கொள்ளுப்பிட்டி ஆகியன ஒலியாகவே வந்து தமிழ் ஈறு பெற்று நிலைத்துவிட்டன. அவற்றை மாற்ற முயல்வது பேதைமை. முன்னோர் பெயர்த்து வைத்தவற்றைக் கைவிடாதிருத்தலே எம் வேண்டுகோள்.

கடலோரப் புகைவண்டி

பிற்பகலில் கோட்டை நிலையத்தில் கரையோரப் புகைவண்டி ஏறினோம். செயலகம் கழிந்தால் கொம்பனித்தெரு. பேரை வாவியின் பக்கத்தே உள்ள இவ்விடத்தில் ஒல்லாந்தக் கொம்பனியார் அடிமைகளை அடைத்து வைத்திருந்தனர். ஆகவே ஆங்கிலேயர் இதற்கு 'அடிமைத்தீவு' என்று பெயரிட்டு அப்பெயரையே நெடுங்காலம் வழங்கினர். தமிழரும் சிங்களவரும் அப்பெயரைத் தம் வாயில் எடுத்தாரல்லர். கொம்பனித்தெரு என்றும் 'கொம்பஞ்ஞ வீதிய' என்றும் சொன்னார்கள். அடிமைப்பட்டவனைச் சுட்டாது, அடிமைப்படுத்திய கொம்பனியைச் சுட்டிற்று மக்கள் வழக்கு. அண்மை ஆண்டுகளிலே ஆங்கிலப் பெயரையும் அவ்வாறே மாற்ற அரசினர் முன்வந்தனர். பல தலைமுறைக்கு முன்னரே மக்கள் செய்துவிட்ட திருத்தம் அது.

கொள்ளுப்பிட்டி தொட்டுத் தண்டவாளத்தை ஒட்டியே கடல். யன்னல் வழியே உப்புக்காற்று முகத்திலறையும். பம்பலப்பிட்டி கடந்தால் வெள்ளவத்தை.

வெள்ளவத்தை

'வெல்ல' என்பது மணல், 'வத்த' தோட்டம். தமிழ்க் காதுக்கு அது வெள்ளத்தை நினைவூட்டும். உண்மைப் பொருள் மணற்றோட்டம். இங்கே ஒரு காலத்தில் பெரியதொரு நெசவாலை இருந்தது. இன்று அந்நிலத்திலே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி ஒழுங்கைகள் வரிசையாக இறங்குகின்றன. ஒழுங்கை என்னும் யாழ்ப்பாணத்துச் சொல் கொழும்பிலே பெருவழக்குப் பெற்றது இவ்விடத்திலே. ஓர் ஆங்கிலத் துரையின் பெயர் தாங்கிய தெருவுக்கு அண்மையிலேயே இராமகிருஷ்ண வீதியும் விவேகானந்த வீதியும் உள்ளன. இத்தெருப் பெயர்களை வரிசையாக எழுதினால் இந்நாட்டு வரலாற்றின் பொருளடக்கம் கிடைக்கும்.

மாலைப்பொழுதில் காலி வீதியின் புடைவைக் கடைகளில் நிற்க இடமில்லை. புத்தாண்டுக்குச் சேலை எடுப்போர், வேட்டி எடுப்போர், பிள்ளைகளுக்குச் சட்டை அளந்து பார்ப்போர் என நெருக்கம். சைவச் சாப்பாட்டுக் கடையொன்றிலே இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. பக்கத்து மேசையிலே பிட்டு. அப்பால் தோசையும் உளுந்து வடையும். தெருமுனைக் கடையிலே கொத்துரொட்டி கொத்தும் தாளவொலி. பரிமாறிய பெரியவர் யாழ்ப்பாண இளைஞரின் பேச்சைக் கேட்டு, "எவடம் தம்பி?" என்றார். ஊர்ப்பெயர் சொன்னதும் மேலும் ஓர் அகப்பை சொதி வந்தது. பெயருக்கு இத்தகைய ஆற்றலும் உண்டு.

அதற்கு மாறான ஆற்றலும் உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இரவு கொழும்பிலே தொடங்கிய வன்செயலில் வெள்ளவத்தையின் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வந்தவர் சிலர் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடினர் என்று அந்நாளைப் பற்றி எழுதியோர் பலரும் குறித்துள்ளனர். பெயரைப் படித்தே இன்ன வீடு தமிழர் வீடு என்று அறிந்தனர். கோயில்களும் பாடசாலைகளும் அகதிகளால் நிறைந்தன. அதே தெருக்களில், அதே இரவுகளில், சிங்கள அயலவர் பலரும் முஸ்லிம் அயலவர் பலரும் தமிழரைத் தம் வீட்டினுள்ளே மறைத்துக் காத்தனர். இவ்விரண்டும் மெய். பட்டியலைப் படித்தவனுக்கு அப்பெயர் ஓர் எழுத்து வரிசை. கதவைத் திறந்து உள்ளே வா என்றவனுக்கு அது நெடுநாள் அழைத்துப் பழகிய பெயர். பொருளறிந்து அழைத்தலுக்கும் ஒலியை மட்டும் படித்தலுக்கும் உள்ள தொலைவு அவ்வளவு பெரிது.

தெருப்பெயரைக் காத்தால் கலகம் வராதென்று நாம் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையிலேயே 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று பௌத்தரும் கத்தோலிக்கரும் மோதிக் குருதி சிந்தினர். அன்று இருசாராரும் ஒரே மொழியை அறிந்தவரே. நாம் சொல்வது இவ்வளவே: ஒருவர் சொல்லின் பொருளை ஒருவர் அறிந்து வாழ்ந்தமைக்கு நமக்கு எஞ்சியுள்ள சாட்சியங்கள் சில. அவற்றையும் நாமே அழித்தல் தகாது.

செய்யத்தக்கது

வெள்ளவத்தையிலே, 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் நூலகத்தோடு இன்றும் பணியாற்றி வருகிறது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபோதும், 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியபோதும் அக்கட்டடம் தமிழ் பேசிக்கொண்டே இருந்தது. சட்டம் தமிழுக்குப் பலகையிலே இடம் தந்தது. அவ்விடத்தில் எதை எழுதுவது என்று சட்டம் சொல்லாது. அது தமிழ் கற்றவர் கடமை.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கொரு முறை மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். மிருகக்காட்சிச்சாலையும் துறைமுகமும் காட்டித் திரும்புகிறோம். ஓராண்டு இவ்வாறு செய்து பார்க்கலாம்: மாணவர் கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, மூன்று நிரல் கீறச் செய்க. தமிழ்ப்பெயர், சிங்களப்பெயர், ஆங்கிலப்பெயர். நான்காவதாகப் பொருள் எழுத இடம் விடுக. தெருவிலுள்ள முதியோரை, தேநீர்க் கடைக்காரரை, கோயிற் குருக்களை, பள்ளிவாசல் மௌலவியை, விகாரைத் தேரரை, பங்குத் தந்தையை வினவி நிரப்புக. பொருள் தெரியாத சிங்களச் சொல்லைச் சிங்கள மாணவரிடம் கேட்டு அறிக. அவருக்குத் தெரியாத தமிழ்ச்சொல்லை நம் மாணவர் சொல்லிக் கொடுக்கட்டும். நிரம்பிய கொப்பியைப் பாடசாலை நூலகத்தில் வைக்க. நகரசபையார் புதுப் பலகை எழுதும்போது ஒரு பிரதியை அவர்க்கும் அனுப்புக.

பத்திரிகைகளில் எழுதும் நம் மாணவர்க்கும் ஒரு சொல்: அடுத்த முறை 'கெசெல்வத்த' என்று எழுதப் புகுமுன் ஒரு கணம் தரித்து, வாழைத்தோட்டம் என்று எழுதுக. எழுத்தெண்ணிக்கையிலும் பெரிய நட்டமில்லை.

எங்கே தொடங்குவது என்று வினவும் ஆசிரியர்க்கு விடை எளிது. பாடசாலை வாயிலைத் திறந்து வெளியே நின்று, முன்னால் ஓடும் தெருவின் பெயர் என்ன, அதன் பொருள் என்ன என்று முதல் மாணவனைக் கேளுங்கள்.